எல்லைக்குள் ஒரு கால்

நாங்கள் இமயமலைக்குப் போன பயணத்தில் ஒரு பொட்டலம் உளுந்த வடை ஆரம்பத்திலிருந்தே குறுக்கே நின்றது. வடையைக் குறை சொல்ல முடியாது, மொறுமொறுவென்று அருமையாகத்தான் இருந்தது. அதை வாங்கி வரச் சொன்னவன் நான் என்பதுதான் சிக்கல்.

நாங்கள் மூன்று பேர். புதுக்கோட்டையில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, கடைசிப் பெஞ்ச். எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் முதல் செமஸ்டரோடு ஒழிந்துவிட்டது. நான் மீமிசலிலிருந்து வந்ததால் மீமிசல். திருக்கோகர்ணத்துக்காரன் கோகர்ணம். மூன்றாமவன் பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமம். பொன்னமராவதி என்று முழுசாகக் கூப்பிட்டால் அவன் திரும்புவதற்குள் பஸ் போய்விடும் என்பதால் அவனை அமராவதி ஆக்கினோம். முறுக்கு மீசையும் கதவை அடைக்கும் உடம்புமாக இருப்பவனை நடுரோட்டில் "ஏய் அமராவதி" என்று கூப்பிட்டுவிட்டு, யார் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பது எங்களுக்கு மூன்று வருடப் பொழுதுபோக்கு.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் மணாலி போய், அங்கே ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து, மலைக்கு அந்தப் பக்கம் லாஹுல் பள்ளத்தாக்கு வரை ஓட்டிப் போய்ப் பனியாற்றைத் தொட்டுவிட்டு வருவது என்று திட்டம். ஓட்டுவது கோகர்ணத்தின் பொறுப்பு. அவன் அப்பா டிராவல்ஸ் வேன் வைத்திருப்பவர். பையனுக்கு ஸ்டியரிங் கைவந்த விஷயம்தான், ஆனால் அதுவரை அவன் வண்டியோடு ஏறிய பெரிய மலை ரயில்வே மேம்பாலம். என் வீட்டில் இந்தப் பயணமே யாருக்கும் விளங்கவில்லை. அத்தா, எங்கள் முஸ்லிம் வீடுகளில் தகப்பனாரை அப்படித்தான் சொல்வோம், மீன் வியாபாரி. எங்கள் வீட்டு வாசலில் விடிந்தால் ஐஸ் வண்டி நிற்கும். ஐஸைப் பார்க்கவா மூன்று நாள் ரயிலில் போகிறாய், நாளைக்குக் காலையில் சீக்கிரம் எழுந்தால் போதுமே என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

டிக்கெட் எடுத்த பிறகு அமராவதியின் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தேதி குறித்தார்கள். நாங்கள் ரயில் ஏறும் அதே நாள் சாயங்காலம் காப்புக் கட்டு. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அந்த ஊர்க்காரர்கள் வெளியில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்க எல்லைக்குள் வந்துவிட வேண்டும். எந்தச் சட்டத்திலும் ஒரு சந்து இருக்கும் அல்லவா, இதிலும் இருந்தது. காப்புக் கட்டும் நேரத்தில் எல்லைக்கு வெளியே இருப்பவனை அந்தக் கட்டு பிடிக்காது. கட்டி முடித்ததும் அதிர்வேட்டுப் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு முன்னால் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டவன் சுதந்திர மனிதன். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் திரும்ப வேண்டியவர்கள் எல்லாம் அப்படித்தான் பெட்டியோடு முன்கூட்டியே கிளம்பிப் போவார்களாம்.

அந்த வருடம் அமராவதியின் அம்மா பூக்குழி இறங்குவதாக வேண்டியிருந்தார். வேண்டுதல் இவனுக்காகத்தான். முந்தைய வருடம் பைக்கிலிருந்து விழுந்து வலது கால் நொறுங்கிக் கிடந்தான். இனி கம்பு ஊன்றித்தான் நடக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா, பிள்ளை கம்பு ஊன்றாமல் நடந்தால் நான் நெருப்பில் நடக்கிறேன் என்று அம்மனிடம் பேசி முடித்துவிட்டார். இவன் நடந்தான். பூக்குழி அன்று நான் ஊரில் இல்லாமல் இருக்கலாமா என்று இவன் தயங்கியபோது, நீ நடந்து நாலு ஊர் பார்க்கத்தானே வேண்டினேன், போய்விட்டு வா என்று அனுப்பியவரும் அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை: வேட்டுக்கு முன்னால் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். பூக்குழி இறங்கும் வீட்டில் ஒருவர் காப்பை மீறினால் பூ பூவாக இருக்காது, நெருப்பாகிவிடும் என்பது அந்த ஊரின் நம்பிக்கை.

அவன் ஒழுங்காகத் தாண்டினான். மத்தியானமே எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய்ப் பையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றான். பஸ் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நான் போன் செய்தேன். உங்கள் ஊர் டீக்கடை வடை நன்றாக இருக்குமே, ரயிலுக்கு வாங்கி வா என்றேன். டீக்கடை கல்லுக்கு இந்தப் பக்கம், எல்லைக்குள் இருந்தது. வேட்டுக்குத்தான் இன்னும் நேரம் இருக்கிறதே என்று அவன் உள்ளே போனான். ஆனால் பூசாரிக்கு அன்றைக்குப் பக்கத்து ஊர்க் கோயிலிலும் வேலை இருந்ததால் காப்பைச் சீக்கிரமே கட்டிவிட்டார். இவன் வடைப் பொட்டலத்தோடு கல்லைத் தாண்டிக் காலை வைக்கும்போது வேட்டு வெடித்துவிட்டது.

இந்தக் கதையை அவன் ரயிலில்தான் சொன்னான், அதுவும் நாங்கள் வடையை ஒன்று விடாமல் தின்று, தாளில் கை துடைத்த பிறகு. சொல்லி முடிப்பதற்குள் அவன் அம்மா போன் செய்தார். வேட்டுப் போடும்போது எல்லையைத் தாண்டிவிட்டாயா என்று கேட்டார். "தாண்டிட்டேன்மா" என்றான்.

நல்ல நண்பர்களாக இருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கோர்ட் வைத்தோம். தில்லி ரயிலின் மேல் பெர்த்தில் தண்ணீர் பாட்டிலை எல்லைக்கல்லாக நிறுத்தி, பிஸ்கட் டப்பாவை டீக்கடையாக்கி, வேட்டு வெடித்தபோது எந்தக் கால் எங்கே இருந்தது என்று அவனை இரண்டு விரலால் நடந்து காட்டச் சொன்னோம். வலது கால் வெளியே ஊன்றிவிட்டது, இடது கால் உள்ளே, ஆனால் குதிகால் தூக்கியிருந்தது என்று அவன் சாட்சி சொன்னான். நான் அவன் வக்கீல். வேண்டுதல் வலது காலுக்கு, வலது கால் வெளியே, ஆகவே வழக்கே நிற்காது என்று வாதாடினேன். கோகர்ணம் நீதிபதி. உடம்பின் கனம் எந்தக் காலில் இருந்தது என்பது தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று ஒத்தி வைத்தான். கீழ் பெர்த்தில் இருந்த ஒரு இந்திக்காரர், மூவரில் யாருக்குக் கால் வலி என்று கேட்டு ஒரு தைலப் புட்டியை எடுத்து நீட்டினார்.

மணாலி போய்ச் சேரும்போது அமராவதியின் முகம் தொங்கிவிட்டது. ராத்தங்கிய ஒவ்வொரு இரவும் ஒரு குற்றமாகக் கணக்கில் ஏறுகிறது என்றான். அப்போது கோகர்ணத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய் வேறு ஊரில் கோயிலே கட்டிவிடுகிறார்கள், மண் இருக்கும் இடத்தில் சாமி இருக்கிறது என்றால் எல்லையும் இருக்கத்தானே வேண்டும் என்றான். உன்னிடம் ஊர் மண் ஏதாவது இருக்கிறதா? அமராவதி யோசித்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றித் திருப்பினான். அடியில், வரிகளுக்குள், செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

கோகர்ணம் கிண்டலுக்குத்தான் சொன்னான். இவன் அன்று முதல் செருப்பைத் தாளில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தான். மண் உதிரக் கூடாதென்று பகலில் ஷூ மாட்டிக்கொண்டான், செருப்புக்கு ஜீப்பில் தனி சீட். மலைவாசிகள் எங்களைப் பார்த்து என்ன நினைத்தார்களோ தெரியாது. தங்கிய வீட்டு அம்மாள் தலையணை உறையை மாற்ற வந்து, செருப்பைப் பார்த்து, அதை எடுத்து வாசலில் வைக்க, இவன் ஓடிப் போய் மறுபடி உள்ளே கொண்டுவர, அந்த அம்மாளுக்கு எங்கள் நாகரிகத்தைப் பற்றி ஒரு முடிவு ஏற்பட்டுவிட்டது.

மலைக்குக் கீழே குடைந்த நீளமான சுரங்கப்பாதையைத் தாண்டினால் லாஹுல். இந்தப் பக்கம் தேவதாரு மரமும் மழையும். அந்தப் பக்கம் வெளியே வந்தால் மரமே இல்லை. மொட்டைப் பாறை, அதற்கு மேல் பனி, கீழே சாம்பல் கரைத்த நிறத்தில் ஓர் ஆறு. கோகர்ணம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "நம்ம ஊரு வெயில மட்டும் இங்கிட்டு எவனோ கொண்டாந்து போட்டிருக்கான்டா" என்றான். வெயில் உண்மையிலேயே சுட்டது, காற்று வெட்டியது. முதல் வளைவில் டயர் பஞ்சரானது. இரண்டாவதில் ஒரு செம்மறி மந்தை எங்களைச் சூழ்ந்துகொண்டு நகர மறுத்தது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் இருவரும் பின் சீட்டுச் செருப்பைத் திரும்பிப் பார்த்து, "ஆத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எனக்கு அந்த ஆத்தாவோடு நேரடிப் பழக்கம் கிடையாது, ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில் நான்தான் முந்தினேன்.

பூக்குழி நாள் காலையில் என் குறும்பு எல்லை மீறியது. அவன் தூங்கும்போது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு செருப்பை உருவி ஜீப்பில் ஒளித்து வைத்தேன். எழுந்து தேடினான். பையைக் கொட்டினான், மெத்தையைப் புரட்டினான், கடைசியில் படியில் வந்து உட்கார்ந்தான். கோபித்துக் கத்துவான் என்றுதான் நான் காத்திருந்தேன்.

"வெளயாடாதடா. இன்னைக்கு எங்கம்மா எறங்குது" என்றான், மெதுவாக.

எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அதுவரை எனக்கு அது ஒரு வடைக் கதை. அவனுக்கு அது சாயங்காலம் அவன் அம்மாவின் கால் என்னவாகும் என்ற கேள்வி.

பனியாறு என்றால் வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். சாலையிலிருந்து கொஞ்சம் ஏறிப் பார்த்தால் மண்ணும் கல்லும் அப்பிய அழுக்கு ஐஸ். எங்கள் ஊர் மீன் ஏலக் கூடத்தில் இப்படி ஒரு ஐஸை இறக்கினால் அத்தா வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே விரிசல் ஒன்றின் ஓரம் போய்க் குனிந்தேன். உள்ளே நீலம். கீழே போகப் போக இருட்டும் நீலம், அதற்குள் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். ஐஸுக்குள்ளேயே வளர்ந்த எனக்கு ஐஸைப் பார்த்து முதல் முறையாகப் பயமாக இருந்தது. அத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், இன்று வரை சொல்ல வரவில்லை.

பூக்குழியை ஊர்ப் பையன்கள் யூடியூபில் லைவ் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் மூவரில் கோகர்ணத்தின் சிம்முக்கு மட்டும் அந்தப் பனியாற்றின் ஓரத்தில் சிக்னல் வந்தது, அதுவும் ஐஸின் மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால்தான். அமராவதி போனை வாங்கிக்கொண்டு அங்கே போய் நின்றான். படம் வந்தது. உறுமி அடிக்கும் சத்தம், கூட்டம், நடுவில் கனன்று கிடக்கும் பூக்குழி. மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் வரிசையாக நின்றார்கள். அமராவதி ஷூவைக் கழற்றினான், சாக்ஸையும் கழற்றினான்.

அம்மா நெருப்பில் கால் வைக்கும்போது தான் ஷூ போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்றான். ஐஸில் வெறுங்காலோடு நின்றான். கோகர்ணம் அதை வீடியோ எடுக்கலாமா என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் சிரித்தேன். ஒரு நிமிடம்தானே, நெருப்பை ஓடிக் கடந்துவிடுவார்கள், இவனும் இறங்கிவிடுவான்.

வரிசை நகர்ந்தது. அவன் அம்மா முன்னால் வந்தார், வேப்பிலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். படம் நின்றுவிட்டது.

சிக்னல் போய்விட்டது. கால் தூக்கியபடி அவர் திரையில் நின்றார், நடுவில் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அமராவதி போனை மேலே தூக்கினான், பக்கவாட்டில் நீட்டினான். வட்டம் சுற்றியது. அவனை இறங்கி வரச் சொன்னோம். அம்மா கால் கீழே படாமல் தான் இறங்க மாட்டேன் என்றான். அவர் எப்போதோ இறங்கி ஏறி, சூடு தணிக்கும் பால் குழியிலும் காலை நனைத்திருப்பார், நிற்பது படம்தான் என்று கோகர்ணம் விளக்கினான். அவன் காதில் அது ஏறவே இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன். அந்த உடம்பை இழுக்க எங்கள் ஊர் விசைப்படகு வேண்டும்.

மீன் கூடத்தில் ஐஸில் நிற்பவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வலிக்கிறது என்று சொல்லும்வரை பயமில்லை. அவன் பற்கள் தந்தியடித்தன. பிறகு அதுவும் நின்றது. என்னைப் பார்த்து, "இப்ப வலிக்கலடா" என்றான். பூக்குழியில் இறங்கிய அம்மாவின் கால் இருக்கட்டும், அவர் வேண்டி வாங்கிய இவன் கால் இங்கே போய்விடும் போலிருந்தது. நான் கத்தினேன், அவன் அம்மாவைச் சொல்லித் திட்டினேன், காலைக் கட்டிக்கொண்டு தூக்கப் பார்த்தேன். அவன் நகரவில்லை. கோகர்ணமும் ஒரு பக்கம் வந்து பிடித்தான். மூன்று பேரும் அந்த அழுக்கு ஐஸில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் கையிலிருந்த போன் அடித்தது. அம்மா.

சிக்னல் திரும்பியிருந்தது, மகன் நம்பர் கிடைக்காமல் கோகர்ணத்தின் நம்பருக்கு அடித்திருந்தார். ஸ்பீக்கரில் முதலில் உறுமிதான் கேட்டது. அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"நல்லபடியா எறங்கிட்டேன்ப்பா. பூவாத்தான் இருந்துச்சு. ஒரு கொப்புளம் இல்ல."

அந்தப் பெரிய உடம்பு அப்படியே ஐஸில் உட்கார்ந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். தான் பொய் சொன்னதையும், வேட்டு வெடித்தபோது எல்லைக்குள் இருந்ததையும், வடை வாங்கப் போனதையும் மூச்சு விடாமல் கொட்டினான். வாங்கச் சொன்னவன் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

"தெரியும்ப்பா" என்றார் அம்மா. "டீக்கடை அண்ணன் அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு. எறங்காதன்னு அங்கிட்டும் இங்கிட்டும் நாலு பேரு சொல்லத்தான் செஞ்சாங்க."

"தெரிஞ்சுமாம்மா எறங்குன?"

"ஒங் காலு நடக்கணும்னு வேண்டுனேன், நடந்துச்சு. அந்தக் காலு வடை வாங்கப் போச்சுன்னு நான் வாக்கு மாற முடியுமா."

நாங்கள் அவனை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஜீப்பின் பின் சீட்டில் போட்டு, அவன் பாதங்களை என் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். நெருப்புக்கோ வெந்நீருக்கோ உடனே காட்டக் கூடாது, உடம்புச் சூட்டில்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டு மீன் பெட்டியை அணைத்துக்கொண்டது போல ஜில்லென்று இருந்தது. நெடுநேரம் கழித்து அவன் வலிக்கிறது என்று முனகினான். அவ்வளவு சந்தோஷமான வார்த்தையை அந்தப் பயணத்தில் நான் கேட்கவில்லை. கோகர்ணம் முன்னாலிருந்து, வழக்கு தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஊர் திரும்பிய பிறகு அவன் அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். திருவிழா முடிந்து ஊரே கறிச்சோறு தின்றுகொண்டிருந்தது. அம்மனுக்கு வெட்டிய கறி எனக்கு ஆகாது என்று தெரிந்து, எனக்காகத் தனியாக மீன் குழம்பு வைத்திருந்தார். எங்கள் கடற்கரைப் பக்கத்து ருசிக்கு அது எட்டாது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அமராவதி அந்த வெக்கையிலும் சாக்ஸ் போட்டிருந்தான். உள்ளங்கால் தோல் உரிந்துகொண்டிருந்ததை அம்மாவிடம் காட்டவில்லை. என்னப்பா வீட்டுக்குள்ள சாக்ஸு என்று அவர் கேட்டதற்கு, மலையில் போட்டுப் பழகிவிட்டது என்றான்.

குழம்புச் சட்டியோடு அவர் வரிசையாக வந்தார். நான்தான் முதலில் பார்த்தேன். வலது குதிகாலைத் தரையில் வைக்காமல், விரல்களை மட்டும் ஊன்றி நடந்தார். கோகர்ணம் பார்த்துவிட்டு இலையில் குனிந்துகொண்டான். அமராவதி பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அம்மாவின் காலையே பார்த்தான்.

"கால்ல என்னம்மா?"

"முள்ளு குத்திருச்சுப்பா. நேத்து வயக்காட்டுல."

அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவர் எங்கள் இலைகளில் எது குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளுதான்மா" என்றான். "பாத்து நடக்கணும்."

எழுந்து போய்ச் சட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, அவரைத் தன் இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, எங்களுக்கு அவனே குழம்பு ஊற்றினான்.